பர்னர் கறை: புளியா, சோடாவா, ஈனோவா, ஆசிட்டா?

பால் பொங்கி வழிந்து, சாம்பார் தெறித்து, கஞ்சி காய்ந்து, அதன் மேல் தினமும் தீ எரிந்து எரிந்து கேஸ் அடுப்பு பர்னர் கறுத்துப் போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதை எடுக்க வழி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். புளியில் ஊற வை என்பார் ஒருவர். ஆப்ப சோடாவும் வினிகரும் போடு என்பார் இன்னொருவர். ஈனோவைக் கொட்டினால் பளிச்சென்று வரும் என்கிறது வீடியோ. பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் ஒரு முக்கு முக்கினால் போதும், புதுசு மாதிரி ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லா வழியும் எல்லா பர்னருக்கும், எல்லாக் கறைக்கும் ஆகாது. எதைப் போடலாம் என்று முடிவெடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். பர்னர் என்ன உலோகம்? அதன் மேல் அப்பியிருப்பது என்ன அழுக்கு?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்னர் கறுப்பாக இருப்பது ஒரு குறையே இல்லை. சுற்றிலும் ஒரே அளவில் நீலமாகத் தீ எரிகிறதா? அப்படியானால் அந்தக் கறுப்பு கண்ணுக்கு மட்டும்தான் பிரச்சினை. தீ ஒரு பக்கம் சாய்கிறது, சில துளைகளில் எரியவே இல்லை, மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்றால்தான் சுத்தம் செய்வது அவசரம். வீட்டு எல்பிஜி அடுப்புகளுக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 4246, அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை செய்வது புது அடுப்பில். வீட்டில் பாதித் துளை அடைத்துக்கொண்ட பிறகு அது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்து போகும்போதுதான் உறைக்கும்.

உலோகத்தைக் கண்டுபிடிப்பது

அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னரைக் கையில் எடுங்கள். பித்தளை என்றால் கனக்கும். தீ படாத அடிப்பக்கத்தில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். அலுமினிய அலாய் என்றால் எடுத்தவுடனேயே லேசாக இருக்கும். சுரண்டிய இடம் வெள்ளி நிறத்தில் வெளுத்துத் தெரியும். வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்டும், மற்ற இரண்டிலும் ஒட்டாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கும் பொம்மைக் காந்தமே இந்தச் சோதனைக்குப் போதும். சில அடுப்பில் மேலே இருக்கும் தலை மட்டும் பித்தளை, அதைத் தாங்கும் குழாய் வார்ப்பிரும்பாகவோ அலுமினியமாகவோ இருக்கும். நாம் கழற்றி ஊற வைக்கப் போவது மேல் தலையைத்தான். குழாய் அடுப்போடேயே இருக்கட்டும், அதில் தண்ணீர் போகவே கூடாது.

உலோகம் தெரியாமல் இறங்கினால் என்ன ஆகும்? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சோடா மாதிரியான காரம் கொஞ்ச நேரம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. புளி மாதிரியான அமிலம் மேலே படிந்த கறுப்பை எடுத்துவிடும், நேரம் மீறினால் உலோகத்தையும் தின்னத் தொடங்கும். அலுமினியத்தின் கதை வேறு. அதற்குக் காரம் ஆகவே ஆகாது. சுடு தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து அலுமினிய பர்னரைப் போட்டால் குமிழ் குமிழாக வரும். ஆஹா, அழுக்கு கழல்கிறது என்று நினைப்போம். வருவது ஹைட்ரஜன், அங்கே கரைந்துகொண்டிருப்பது அலுமினியம். வெளியே எடுத்தால் போட்டதை விடக் கறுப்பாக இருக்கும்.

அழுக்கிலும் ஜாதி உண்டு

பர்னரில் இருப்பதை மொத்தமாகக் கறை என்கிறோம், அதில் குறைந்தது மூன்று சமாச்சாரம் கலந்து கிடக்கிறது. முதலாவது எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் சூட்டில் காய்ந்து காய்ந்து, கடைசியில் வார்னிஷ் பூசியது மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கருகிய சாப்பாடு: பாலின் சர்க்கரையும் புரதமும், சோற்றுக் கஞ்சியின் மாவும், சாம்பார்ப் பருப்பும் தீய்ந்து கட்டியானது. மூன்றாவது வெளியிலிருந்து வந்த அழுக்கே இல்லை. பித்தளையில் இருக்கும் செம்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் ஆக்சைடு, அதாவது உலோகத்தின் தோலே கறுத்துப் போனது. உப்புத் தண்ணீர் வருகிற ஊரில் இதோடு வெள்ளைப் படிவும் சேரும்.

இப்போது கணக்கு எளிது. ஆக்சைடையும் வெள்ளைப் படிவையும் அமிலம் கரைக்கும். எண்ணெயை அது ஏறெடுத்தும் பார்க்காது. எண்ணெய்ப் பிசுக்கைக் காரம் பிரித்துச் சோப்பு மாதிரி ஆக்கும். ஆக்சைடை அது ஒன்றும் செய்யாது. முழுக்கக் கரியாகிவிட்டது இரண்டுக்கும் மசியாது. அதை ஒட்ட வைத்திருக்கும் பிசினை இளக வைத்து, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ‘புளி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவரும், ‘புளி போட்டேன், பளபளவென்று ஆகிவிட்டது’ என்று இன்னொருவரும் சொல்வது இதனால்தான். முதலாமவரின் பர்னரில் மேலே எண்ணெய் மூடியிருந்தது. புளித் தண்ணீர் பித்தளையைத் தொடவே இல்லை.

பித்தளைக் குடத்தையும் அண்டாவையும் பாட்டிமார் எப்படித் துலக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் முதலில் அடுப்புச் சாம்பல், அப்புறம் புளி. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு, அது காரம். முதலில் காரம், பிறகு அமிலம். கீழே நான் சொல்லப்போகும் முறையும் இதே வரிசைதான், பொருள்தான் மாறியிருக்கிறது.

புளி, எலுமிச்சை, வினிகர், லெமன் சால்ட்

நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வித்தியாசம் விலையிலும் வசதியிலும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கும். கடையில் வாங்கும் வெள்ளை வினிகரில் நான்கைந்து பங்கு அசிட்டிக் அமிலம்.

புளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் சக்கையே தேய்க்கும் நார். கரைத்து ஊற்றிவிட்டுச் சக்கையைத் தூக்கிப் போடாமல், அதாலேயே தேய்க்கலாம். கறுத்துப் போய்க் குழம்புக்கு ஆகாத பழைய புளி இருந்தால் இதற்குப் போதும். ஒரு எலுமிச்சை அளவு புளியைச் சுடு தண்ணீரில் கரைத்து, ஒரு கைப்பிடிக் கல் உப்பு போட்டு, பர்னரை இருபது நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஊற வைத்தால் போதும். உப்பு சும்மா இல்லை. அதிலுள்ள குளோரைடு, செம்பு ஆக்சைடு வேகமாகக் கரைய உதவுகிறது. உப்பில்லாமல் செய்தால் நேரம் கூடும்.

எலுமிச்சையும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சித்திரை, வைகாசியில் எலுமிச்சை விற்கிற விலைக்குப் பர்னர் கழுவ எனக்கு மனசு வராது. பிழிந்த மூடிகளைச் சேர்த்து வைத்து, உப்புத் தொட்டுத் தேய்த்தால் அது நல்ல சிக்கனம். வினிகரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கெடுதல் ஒன்றும் இல்லை. புளி இருக்கிற வீட்டில் அதற்கென்று தனியாகக் காசு கொடுத்து, சமையலறை முழுக்க அந்த வாடையையும் ஏன் சகிக்க வேண்டும்?

நால்வரில் கெட்டிக்காரன் லெமன் சால்ட். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்றும் கேட்கலாம், வெள்ளைக் கற்கண்டுத் தூள் மாதிரி இருக்கும். அரை லிட்டர் சுடு தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போதும். சக்கை கிடையாது, துளைக்குள் நார் போய் மாட்டாது, எத்தனை வலு வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். பித்தளை பர்னருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

நால்வருக்கும் பொதுவான ஒரு ஆபத்து, ‘ராத்திரி ஊறட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சோம்பேறித்தனம். காலையில் பர்னர் திட்டுத் திட்டாக ரோஜா நிறத்தில் இருக்கும். அது அழுக்கு அல்ல. நீண்ட நேரம் அமிலத்தில் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் முதலில் கழன்று போய், செம்பு மேலே தெரிகிறது. கரைந்த செம்பும் மெல்லிய பூச்சாகத் திரும்பி வந்து படிகிறது. ஒரு தடவை நடந்தால் பாத்திரப் பொடியால் தேய்த்து ஓரளவு சரிக்கட்டலாம். மாதா மாதம் நடந்தால் பர்னரின் ஆயுசு குறையும். கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

அலுமினிய அலாயையும் இந்த அமிலங்கள் கொஞ்சம் வெளுக்க வைக்கும். அலுமினியச் சட்டியில் தக்காளி ரசம் வைத்தால் உள்பக்கம் பளிச்சென்று ஆவது இதே காரணத்தால்தான். பர்னரை ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம். உப்பையும் சேர்க்காதீர்கள், அது அலுமினியத்தில் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

ஆப்ப சோடாவும் சலவை சோடாவும்

இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதன் கரைசல் காரத்தில் ரொம்ப சாது, காரத்தின் அளவைக் காட்டும் பி.எச். எண் சுமார் 8.3. சலவை சோடா என்பது சோடியம் கார்பனேட். அதன் பி.எச். 11 வரை போகும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நேற்றைய பிசுக்கு போகும். ஆறு மாதப் பிசுக்கிடம் அதன் பாச்சா பலிக்காது.

ஒரு உபாயம் உண்டு. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கொஞ்சம் கொஞ்சமாக அதுவே கார்பனேட்டாக மாறும். கரைசலின் வலுவும் கூடும். வீட்டில் சலவை சோடா இல்லாதபோது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று கரண்டி ஆப்ப சோடா போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதில் பித்தளை பர்னரை ஊறப் போடலாம். அலுமினியச் சட்டியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், சட்டி கறுத்துப் போகும்.

சலவை சோடா இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு லிட்டர் நல்ல சுடு தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சோடா, கொஞ்சம் பாத்திரம் விளக்கும் திரவம், பிளாஸ்டிக் வாளி. அரை மணி நேரத்தில் பிசுக்கு வழவழவென்று இளகிவிடும். சூடு முக்கியம். ஆறின தண்ணீரில் அரை நாள் ஊறினாலும் இதில் பாதி வேலைகூட நடக்காது. கையுறை போட்டுக்கொள்வதும் அவசியம். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் அது விட்டு வைக்காது, கை வெடித்துப் போகும்.

காஸ்டிக் சோடா பற்றியும் சிலர் சொல்வார்கள். அது வேறு உலகம். தண்ணீரில் போட்டதுமே கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அலுமினியத்தை நொடியில் அரிக்கும். ஒரு பர்னருக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை.

நுரை வந்தால் சுத்தமாகிறது என்று அர்த்தமா?

சோடாவைத் தூவி அதன் மேல் வினிகரை ஊற்றினால் ஸ்ஸ்ஸ் என்று பொங்கும். பார்க்க நன்றாக இருக்கும், வீடியோவுக்கும் நல்லது. ஆனால் நடப்பது என்ன? காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகின்றன. மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விட்டது. எண்ணெயை எடுக்க வேண்டிய காரமும் இல்லை, ஆக்சைடை எடுக்க வேண்டிய அமிலமும் இல்லை. அடைபட்ட துளைக்குள் குமிழ் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இரண்டும் நல்ல பொருள்கள், ஒரே நேரத்தில் சேர்த்தால் இரண்டும் வீண். தனித்தனியாக, ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் இரண்டும் முழு வேலை செய்யும்.

ஈனோவின் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. அந்தப் பொட்டலத்தில் கிட்டத்தட்டப் பாதி பைகார்பனேட், கிட்டத்தட்டப் பாதி சிட்ரிக் அமிலம். தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். வீடியோவில் ஈனோவோடு எலுமிச்சைச் சாற்றையும் பிழிந்து, சுடு தண்ணீர் ஊற்றி, இரண்டு மணி நேரமோ ஒரு ராத்திரியோ ஊற வைக்கிறார்கள். பர்னர் பளிச்சென்று வருகிறது. வராமல் என்ன? மிஞ்சிய எலுமிச்சை அமிலம்தான் வேலை செய்கிறது, பெயர் ஈனோவுக்கு. ஒரு ஈனோ பொட்டலத்தின் விலைக்கு வாங்குகிற லெமன் சால்ட் பல தடவைக்கு வரும். ஈனோ வயிற்றுக்கே இருக்கட்டும்.

பாத்ரூம் ஆசிட்

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது என்பதை மறுக்க முடியாது. டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில். தெருவில் விற்கும் ஆசிட் பாட்டிலில் எவ்வளவு இருக்கும் என்று எதிலும் எழுதியிருக்காது. பர்னரில் ஊற்றிய சில நிமிடத்தில் ஆக்சைடு போய்விடும், கூடவே உலோகத்தின் மேல் தோலும் போகும். பளபளப்பு இரண்டு நாள் நிற்கும். அமிலம் அரித்துச் சொரசொரப்பான மேற்பரப்பில் அடுத்த அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் துளைகளின் ஓரமும் தேய்ந்து, தீயின் வடிவமே மாறிப் போகும். அலுமினிய பர்னர் என்றால் முதல் தடவையிலேயே வீணாகிவிடும்.

பர்னரோடு நிற்காது கெடுதல். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் கத்தி, குழாய், எவர்சில்வர் தட்டு எல்லாவற்றிலும் படிந்து துரு வர வைக்கும். எவர்சில்வருக்கே குளோரைடு பரம விரோதி, ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக அரிக்கும். சிங்க்கில் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து, அதன் மேல் இந்த ஆசிட்டைக் கொட்டினால் வருவது குளோரின் வாயு. மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. சாப்பாடு செய்கிற இடத்தில் இதற்கு வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்கு வரும் அடுப்பு சர்வீஸ்காரரிடமும் எதில் ஊற வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ‘ஒரு லிக்விட் இருக்கு மேடம், அஞ்சு நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும்’ என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்க வீடியோக்களில் இன்னொரு வழி வரும். அடுப்புப் பாகங்களைக் கொஞ்சம் அமோனியாவோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஒரு ராத்திரி வைத்துவிடுவார்கள். அங்கே பாத்திரம் வைக்கும் இரும்புக் கம்பி ஸ்டாண்டுக்கு அது சரி. பித்தளைக்கு அமோனியா ஆகாது. இது தெரிய வந்ததே நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவம் பித்தளைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. தோட்டாவின் கூடு தானாகவே விரிசல் விட்டது. மழைக்காலத்தில் மட்டும் ஏன் விரிசல் விடுகிறது என்பது வெகுநாள் புதிர். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். பர்னர் தோட்டா அளவுக்கு இறுக்கம் கொண்டதல்ல. இருந்தாலும் தினமும் சூடேறி ஆறுகிற ஒரு பொருளிடம் அந்தச் சோதனையை நாம் ஏன் செய்து பார்க்க வேண்டும்? அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் பர்னர் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

நாரும் பொடியும்

எதில் ஊற வைத்தாலும் கடைசியில் தேய்க்காமல் முடியாது. பச்சை நார் பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் சரி. கம்பி நாரைப் பித்தளையில் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், வேறு கெடுதல் இல்லை. பர்னர் அழகுப் பொருள் இல்லையே. எவர்சில்வர் தட்டில் மட்டும் இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு தட்டில் பதிந்து துருவாகும், எவர்சில்வர் துருப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

சபீனா மாதிரிப் பாத்திரப் பொடியும், பித்தளை விளக்குக்கென்று விற்கும் பொடிகளும் நன்றாகத் துலக்கும். ஊற வைக்க நேரமில்லாதவர்களுக்கு விளக்குப் பொடி நல்ல குறுக்கு வழி, ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் நிறம் உடனே வரும். குறை ஒன்றுதான். பொடி துளைகளுக்குள் போய் ஈரத்தோடு கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த பிறகு தீ முன்னை விட மோசமாக எரிகிறது என்று சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பொடி போட்டுத் தேய்த்தவர்கள்தான். தேய்த்த கையோடு குழாயைத் திறந்து, பர்னரைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வொரு துளை வழியாகவும் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

துளை குத்துவதற்குத் தென்னை விளக்குமாற்று ஈர்க்குச்சியை விட நல்ல கருவி கிடையாது. கெட்டியாகவும் இருக்கும், பித்தளையைக் கீறவும் செய்யாது. நுனியை மெலிதாகச் சீவிக்கொண்டால் போதும். பல் குத்தும் குச்சி உள்ளேயே ஒடிந்துகொள்ளும். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் அவசரத்துக்குச் சரி, ஆனால் சுழற்றிச் சுழற்றிக் குடைந்தால் துளை பெரிதாகும். பழைய பம்ப் ஸ்டவ் காலத்து ஸ்டவ் பின் வீட்டில் எங்காவது கிடந்தால், அதை வைத்து கேஸ் அடுப்பின் ஜெட்டை, அதாவது குழாய்க்குள் கேஸை விடும் சின்ன முனையை, மட்டும் குத்திவிடாதீர்கள். ஜெட்டின் துளை அளந்து போட்டது. கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் அதிகமாக வந்து, காற்று போதாமல், மஞ்சள் தீதான் எரியும். அது மெக்கானிக்கின் வேலை.

சரி, எதைச் செய்வது?

பித்தளை பர்னர், எண்ணெயும் கறுப்பும் சேர்ந்து அப்பியிருக்கிறது என்றால்: முதலில் சலவை சோடாவும் பாத்திரத் திரவமும் கலந்த சுடு தண்ணீரில் அரை மணி நேரம். எடுத்து டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். வழவழப்பு முழுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் அமிலத்தில் பாதி அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். பிறகு லெமன் சால்ட்டோ புளியோ உப்போடு இருபது நிமிடம். மறுபடி தேய்த்து, துளை குத்தி, கழுவி, காய வைத்தால் முடிந்தது. மொத்தம் ஒரு மணி நேரம், செலவு இருபது ரூபாயைத் தாண்டினால் அதிசயம். இதை விடச் சீக்கிரமான வழி உண்டு, இதை விடப் பத்திரமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிசுக்கே இல்லை, வெறுமனே மங்கிப் போயிருக்கிறது என்றால் சோடாவைத் தாண்டிவிட்டு நேராகப் புளிக்குப் போகலாம். ஆனால் அந்தப் பளபளப்பு நிற்காது. பித்தளை சூடானால் கறுக்கும், அது அதன் குணம். அடுத்த வேளைச் சமையலிலேயே மங்கத் தொடங்கும். ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு செய்தால் போதும். வாரா வாரம் அமிலத்தில் போடுவது பர்னரைத் தேய்ப்பதே தவிர வேறில்லை.

அலுமினிய அலாய் என்றால் ஆசைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல சுடு தண்ணீரும் பாத்திரத் திரவமும், ஒரு மணி நேரம். போகாத இடத்தில் மட்டும் ஆப்ப சோடாக் குழம்பைத் தடவி உடனே தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஊற வைக்காதீர்கள். கருகின பாலைச் சுடு தண்ணீர் இளக்கிவிட்ட பிறகு மரக்கரண்டி விளிம்பால் சுரண்டலாம். கறுப்பு மிச்சம் இருந்தால் இருக்கட்டும்.

பாத்திரம் வைக்கும் ஸ்டாண்ட் பெரும்பாலும் எனாமல் பூசிய இரும்பு. அதற்குச் சலவை சோடாதான் மருந்து, மூன்று நான்கு மணி நேரம் ஊறினாலும் எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. புளியும் எலுமிச்சையும் வேண்டாம். எனாமலின் மினுமினுப்பை மங்க வைக்கும், எனாமல் உதிர்ந்த இடத்தில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பர்னருக்கு அடியில் இருக்கும் எவர்சில்வர் தட்டை அகலமான பாத்திரத்தில் ஆப்ப சோடாத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் தீய்ந்த பால் தோல் தோலாக உரியும். அதில் வானவில் மாதிரி நீலமும் பழுப்புமாகப் படர்ந்திருப்பது அழுக்கு இல்லை, சூட்டில் உண்டான ஆக்சைடுப் படலம். லெமன் சால்ட் கரைசலில் துடைத்தால் குறையும், முழுக்கப் போகாவிட்டாலும் கவலை வேண்டாம்.

வழிந்த அன்றே துடைத்துவிட்டால் இதில் பாதி வேலை இல்லை. பால் பொங்கிய உடனே தீயை அணைத்து, பர்னர் ஆறும் வரை பொறுத்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் அது வெறும் பால்தான், சோப்பே வேண்டாம். அதன் மேலேயே மூன்று வேளை சமைத்த பிறகுதான் அது கரியாகிறது. சூடாக இருக்கிற பர்னரைப் பச்சைத் தண்ணீரில் போடும் பழக்கமும் வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடலாம், பித்தளையும் கோணலாகிக் குழாயில் சரியாக உட்காராமல் போகலாம்.

கழுவிய பர்னரை உதறி, துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரமாவது கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தீ துப்பித் துப்பி எரியும், அணைந்தும் போகும். மாட்டும்போது தலை ஆடாமல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். துளையெல்லாம் சுத்தமாக இருந்தும் பற்ற வைத்ததும் தீ ஒழுங்காக இல்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். குழாய்க்குள் கரப்பானோ சிலந்திக் கூடோ இருக்கலாம், ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். கேஸ் வாடை வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்கு போன் செய்யுங்கள். எல்பிஜி அவசர உதவிக்கென்றே இருக்கும் எண் அது.

கடைசியாக, புது பர்னர் வாங்குவது. இதையும் ஒரு வழியாகவே எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில நூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரம் இது. துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டாலோ, விளிம்பு விரிசல் விட்டிருந்தாலோ, தலை குழாயில் ஆடினாலோ எந்தப் புளியும் சோடாவும் அதைச் சரிசெய்யாது. அலுமினிய பர்னர் பொரிப் பொரியாக உதிர்ந்தாலும் அப்படியே. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சின்னது, நடுத்தரம், ஜம்போ என்று சொன்னால் மட்டும் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி அடிப்பக்கத்து வளையத்தின் அளவு மாறும். பழையதைத் தராசில் போட்டுப் பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்கிற பாத்திரக் கடைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.